செருப்பு ஸ்டாண்டில் ஓடிய செயலி

ஜூலை 5, புதன்

இதனால் சங்கரன்கோவில் நகரப் பெருமக்களுக்கும் சுற்றுவட்டாரத்தாருக்கும் அறிவிப்பது யாதெனில்: பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் குரூப், கோமதிநாயகம் ஆகிய எனது மேலுதட்டில் இன்று காலை ஆறு மணி நிலவரப்படி பதினோரு முடிகள் முளைத்துள்ளன. இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் நான்கு. ஃபிசிக்ஸ் லேபில் சுட்ட பூதக்கண்ணாடியால் இருமுறை எண்ணிச் சரிபார்க்கப்பட்டது. அப்பா பார்த்துவிட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு வா, மை ஒட்டியிருக்கு என்றார். வரலாறு இப்படித்தான் மறைக்கப்படுகிறது.

சில்லறைச் செய்தி: இன்று கம்ப்யூட்டர் வாய்மொழித் தேர்வு. ஆவுடையம்மாள் மிஸ், "செயலி, அதாவது பிராசஸர், என்றால் என்ன?" என்று கேட்டார். உடம்புக்கு மூளை எப்படியோ, ஊருக்குக் கோபுரம் எப்படியோ என்று ஆரம்பித்து இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் அளந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. பத்துக்குப் பத்து.

அடுத்தது பரமகுரு. என் பெஞ்சுக்குப் பின் பெஞ்சு. திக்குவாய். எல்லா எழுத்திலும் திக்குவான், 'ப'வில் வந்தால் மொத்தமாக நின்றுவிடுவான். பெயரே 'ப'வில். வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வைத்த பெயர் 'பஃபரிங்'. வீடியோ பாதியில் நின்று வட்டம் சுற்றுமே, அது. வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. மிஸ் மூன்று நிமிடம் பொறுத்தார். அவன் உதடு ஒட்டியது ஒட்டியபடி. சுழியம்.

ஜூலை 6, வியாழன்

எச்.எம். அறைக்கு வெளியே முட்டி போட்டேன். காரணம்: ஒன்பதாம் வகுப்பு ஃபேன் இறக்கைமேல் யாரோ சாக்பீஸ் தூளைக் குவித்து வைத்துவிட்டார்கள். அந்த யாரோ நான்.

முட்டி போட்டால் காது கூர்மையாகும். உள்ளே எச்.எம். மிஸ்ஸிடம் சொன்னது முழுக்கக் கேட்டது. வாய்மொழித் தேர்வில் சுழியம் வாங்கியவனைக் கம்ப்யூட்டர் குரூப்பில் வைத்திருந்தால் பப்ளிக்கில் பள்ளி ரிசல்ட் கவிழும். மாதக் கடைசிக்குள் வரலாறு குரூப்புக்கு மாற்றிவிடுங்கள். சுழியம் வாங்கியது ஒரே ஒருத்தன். மிஸ் கெஞ்சினார். பையன் நோட்டைப் பாருங்கள் சார், எல்லாம் தெரியும், வாய்தான் வரவில்லை என்றார். கடைசியில் எச்.எம். இறங்கி வந்தது இவ்வளவுதான்: இருபத்தொன்றாம் தேதி அறிவியல் கண்காட்சியில் அவன் ஏதாவது செய்து காட்டட்டும், பார்ப்போம்.

பஃபரிங் குரூப்பை விட்டுப் போனால் பின் பெஞ்சு காலியாகும். பையை வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 10, திங்கள்

எரிச்சல். பஃபரிங் கண்காட்சிக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தானாம். மிஸ் அவன் நோட்டை வகுப்பு முழுக்கத் தெரியும்படி தூக்கிப் பிடித்து, "இதுக்குப் பேருதான் புரிஞ்சுக்கிறது" என்றார். சொல்லும்போது என் பக்கம் ஒரு பார்வை. பத்துக்குப் பத்து வாங்கினவன் பக்கம் எதற்குப் பார்க்க வேண்டும்?

திட்டம்: கம்ப்யூட்டர் இல்லாமல், ஆட்களே செயலியாக நிற்பது. யாரும் பேச வேண்டியதில்லை, எண்களை வைத்தே எல்லாம் நடக்கும். யோசித்தவன் யாரென்று பார்த்தால் ஏன் இப்படி யோசித்தான் என்பதும் விளங்கும்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறான். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்ட வேண்டும்.

ஜூலை 12, புதன்

இன்று ஒத்திகை. டைரியே, உனக்கு மண்டை கிடையாது. ஆகவே உனக்குச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் செயலிக்கும் மண்டை கிடையாது.

லேபுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதால் வாசலில் மர ஸ்டாண்ட் இருக்கிறதல்லவா? நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து அறை. செருப்பையெல்லாம் வெளியேற்றிவிட்டு ஒன்று முதல் இருபது வரை அறைகளுக்கு எண் ஒட்டியாயிற்று. இதுதான் நினைவகம். ஒவ்வொரு அறையிலும் ஒரு அட்டை, அதில் எண் மட்டும். வேறு எதுவும் நினைவகத்துக்குத் தெரியாது. வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

அட்டையில் மூன்று இலக்கம். முதல் இலக்கம் என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு. மற்ற இரண்டும் எந்த அறை என்பது. 1 என்றால் அந்த அறையில் உள்ள எண்ணைக் கொண்டு வா. 2 என்றால் கூட்டு. 3 என்றால் அந்த அறையில் கொண்டுபோய் வை. 4 என்றால் விடையை உரக்கச் சொல். 5 என்றால் அடுத்த உத்தரவுக்கு அந்த அறைக்குப் போ. 0 என்றால் நிறுத்து. '115' என்ற அட்டை வந்தால் பதினைந்தாம் அறையில் உள்ள எண்ணைக் கொண்டு வா என்று அர்த்தம். அதே 115 சும்மா நூற்றுப் பதினைந்தாகவும் இருக்கலாம். எது உத்தரவு, எது சரக்கு என்று செயலிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உத்தரவுக்கு முறை வரும்போது கையில் எது கிடைத்ததோ அது உத்தரவு.

ஜாஸ்மின் பேகம் கையில் சிலேட்டு. அடுத்து எந்த அறை என்பது அதில் இருக்கும். ஒரு அட்டை வந்ததும் அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவாள். அட்டைக்கு அர்த்தம் பார்த்துச் சொல்வதும் அவள்தான். முப்பிடாதி ஸ்டாண்டுக்கும் மேசைக்கும் ஓடுகிற ஆள். கபடி டீம், ஓடச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டான். பரமகுரு கணக்குப் போடுகிற இடம். அவன் முன்னால் ஒரு டிபன் பாக்ஸ். அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கலாம். நினைவகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செயலி தன் கைக்குள் வைத்திருப்பது இப்படிச் சில எண்கள்தானாம். விடையை உரக்கச் சொல்ல ஸ்டீபன். அவன் சாதாரணமாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

அட்டையை எடு. அர்த்தம் பார். செய். மறுபடி எடு. செயலி பிறந்ததிலிருந்து சாகும்வரை செய்வது இந்த மூன்றே காரியம். நிஜச் செயலி விரல் நகம் அளவுதான். அதற்குள் கோடிக்கணக்கான குட்டிக் குட்டி சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது ஆன், ஆஃப் இரண்டுதான். புத்திசாலி போலத் தெரிவதற்குக் காரணம் வேகம்.

அந்த வேகம் யார் கையில்? இங்கேதான் கோமதிநாயகம் வருகிறார். நான் கடிகாரம். நான் ஒரு தட்டு தட்டினால் முப்பிடாதி அட்டை எடுத்து வருவான். இன்னொரு தட்டு, ஜாஸ்மின் அர்த்தம் சொல்வாள். மூன்றாம் தட்டு, காரியம் நடக்கும். நான் தட்டாவிட்டால் ஒருத்தரும் நகர முடியாது. நிஜச் செயலியில் இந்தத் தட்டு நொடிக்கு முந்நூறு கோடி. என் கை வலிக்கும் என்பதால் நொடிக்கு ஒன்று.

பரமகுரு சார்ட்டில் சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறான்: 'செயலியில் யாரும் யோசிக்கக் கூடாது. தட்டு ஒலித்தால் தன் வேலையை மட்டும் செய்ய வேண்டும். நிறுத்து என்ற அட்டை வரும்வரை யாரும் நிற்கக் கூடாது.' கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கிறது. அதுவும் எரிச்சல்.

ஜூலை 13, வியாழன்

தெருக்குழாயில் தண்ணீர். எட்டுக் குடம். செயலிக்கு அம்மா இல்லை, கொடுத்துவைத்தது.

ஜூலை 15, சனி

கண்டுபிடித்துவிட்டேன். ஒரே ஒரு அட்டை போதும்.

பரமகுரு எழுதிய நிரல், அதாவது உத்தரவு வரிசை, நான்கே அறை. முதல் அறை: பதினைந்தாம் அறை எண்ணை டிபன் பாக்ஸுக்குக் கொண்டு வா. இரண்டாம் அறை: பதினாறாம் அறை எண்ணை அதோடு கூட்டு. மூன்றாம் அறை: விடையை உரக்கச் சொல். நான்காம் அறை: நிறுத்து. பார்க்க வருபவர்கள் இரண்டு எண் கொடுப்பார்கள், செயலி கூட்டிச் சொல்லும். அவ்வளவுதான்.

ஐந்தாம் எண் உத்தரவு அட்டவணையில் சும்மா கிடந்தது. இந்த நிரலில் அதற்கு வேலையில்லை. நான் வேலை கொடுத்தேன். நான்காம் அறையில் 'நிறுத்து' அட்டையை எடுத்துவிட்டு 502 வைத்தால்? நிற்பதற்குப் பதில் ஜாஸ்மின் சிலேட்டை அழித்து 2 என்று எழுதுவாள். மறுபடி கூட்டும், மறுபடி சொல்லும், மறுபடி இரண்டாம் அறை. செக்கு மாடு. நிற்கவே நிற்காது.

எல்லாம் நானே யோசித்தது. யாரும் சொல்லித் தரவில்லை. எப்படித் தோன்றியது என்று கேட்காதே, மேதைகளுக்குத் தோன்றும்.

இன்னும் இருக்கிறது. முதல் எண் 9, கூட்டுகிற எண் 1 என்று வைத்துக்கொள். முதல் சுற்று பத்து. அடுத்தது பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. பத்தொன்பது வரைக்கும் எல்லாமே 'ப'.

இப்போது வாயால் சொல்கிற இடத்தில் ஸ்டீபன் இல்லாமல் வேறு ஒருத்தன் நின்றால்?

ஜூலை 17, திங்கள்

நின்றுவிட்டான். மிஸ்ஸிடம் போய், செயலியை உருவாக்கியதே பரமகுரு, விடையை அவன் வாயால் சொன்னால்தானே மிஸ் எச்.எம். சாருக்கு நம்பிக்கை வரும், பாவம் என்றேன். 'பாவம்' என்ற சொல்லை நான் சொன்ன விதத்துக்கே விருது தரலாம். மிஸ் கண் கலங்கிவிட்டது. நீ இப்படியெல்லாம் யோசிப்பேன்னு நினைக்கலை கோமு என்றார்.

அவனைக் கூப்பிட்டுச் சரியா என்று கேட்டார். தலையாட்டினான். மறுப்பதற்குப் பேச வேண்டும், ஆட்டுவதற்கு வேண்டாம்.

ஒத்திகையில் எட்டு, ஆறு என்றெல்லாம் மெதுவாகச் சொல்லிவிட்டான். நீ தட்டை மெதுவா தட்டு, அவன் முடிச்சதும் அடுத்ததைத் தட்டு என்று மிஸ் எனக்குச் சொல்லி வைத்தார். சரி மிஸ்.

ஜூலை 18, செவ்வாய்

முடிவெட்டு. மீசைக்குச் சேதாரமில்லை. வேறொன்றுமில்லை.

ஜூலை 20, வியாழன்

நாளை எண் கொடுக்கப் போவது தலைமை விருந்தினர், ஒரு கல்வி அதிகாரி. அவர் பாட்டுக்கு மூணும் நாலும் என்று சொல்லிவிட்டால் என் உழைப்பு வீண். ஆகவே ஐந்து அட்டையில் 9 எழுதினேன், ஐந்து அட்டையில் 1 எழுதினேன். இடது கையில் ஒன்பதுகள், வலது கையில் ஒன்றுகள். விசிறி மாதிரி கவிழ்த்துப் பிடித்து, 'ஐயா, இதில் ஒன்று, அதில் ஒன்று உருவுங்கள்' என்பேன். எதை உருவினாலும் என் எண்தான். அவர் தேர்ந்தெடுத்ததாக அவர் நினைப்பார். செயலி யோசித்ததாக ஊர் நினைக்கும்.

502 அட்டையும் தயார். அவன் எழுத்து மாதிரியே எழுதப் பார்த்தேன். ஐந்துக்கு வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஜூலை 21, வெள்ளி

வெற்றி. எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு. ப-ப-பத்து மடங்கு.

பதினொன்றரை மணிக்கு எச்.எம்., கல்வி அதிகாரி, பெற்றோர் கூட்டம், பன்னிரண்டாம் வகுப்புத் தடியன்கள் எல்லாரும் லேப் வாசலில். மிஸ் செருப்பு ஸ்டாண்டைக் காட்டி விளக்கம் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே 9 உருவினார், 1 உருவினார். முப்பிடாதி இரண்டையும் பதினைந்திலும் பதினாறிலும் வைத்தான். நான் தட்ட ஆரம்பித்தேன்.

ஒன்பது டிபன் பாக்ஸுக்கு வந்தது. பரமகுரு ஒன்றைக் கூட்டினான். பத்து. உரக்கச் சொல் என்ற அட்டை வந்தது. ஜாஸ்மின் கை காட்டினாள். பரமகுரு வாயைத் திறக்கப் பார்த்தான். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

நான் தட்டினேன்.

முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஒத்திகை. இது அரங்கேற்றம். முப்பிடாதி ஓடினான், நான்காம் அறையில் காலையிலேயே நான் மாற்றி வைத்திருந்த அட்டையைக் கொண்டு வந்தான். தட்டினேன். ஜாஸ்மின் "ஐந்து, இரண்டு" என்றாள், ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினாள், பிறகு சிலேட்டை அழித்து 2 எழுதினாள். யோசிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே. தட்டினேன். கூட்டு. பெட்டியில் பதினொன்று. அவன் இன்னும் பத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

செயலியில் ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த தட்டு விழுந்தால் குப்பைதான் விடையாக வருமாம். அதனால்தான் கடிகாரத்தை அளவுக்கு மேல் விரட்டக் கூடாதாம். விரட்டினால் சூடாகும். விரட்டினேன். சூடானது. அவன் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. பெட்டியில் பதின்மூன்று வந்தபோது வாயில் "பத்" வந்தது. பதினைந்து வந்தபோது "பதி". தடியன்கள் என் தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தார்கள். யாரோ 'பஃ-ப-ரிங்' என்று எடுத்துக் கொடுக்க, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மாகூடச் சிரித்தார். அதிகாரியும் முதலில் சிரித்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நான் இல்லை, அவர் கையில் கட்டியிருந்ததை.

ஆச்சரியம் என்னவென்றால் அவன் நிற்கவில்லை. சிலேட்டைப் பிடுங்கியிருக்கலாம், ஓடிப்போயிருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் ஒழுங்காகக் கூட்டினான், பெட்டியில் வைத்தான், வாயைத் திறந்தான். கண் முழுக்க என் பக்கம். முறைக்கிறான் என்று நினைத்து நானும் முறைத்தேன்.

பதினேழில் எச்.எம். வந்து என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார். அந்த நொடியே எல்லாம் நின்றது. முப்பிடாதி ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

எச்.எம். மிஸ்ஸிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது. "நிக்கத் தெரியாத மிஷினு, பேசத் தெரியாத பய. இதப் பாக்கத்தான் அதிகாரியக் கூட்டியாந்தமா? திங்கக்கிழமை பேப்பர ரெடி பண்ணுங்க டீச்சர்."

அதிகாரி அடுத்த மேசைக்கு எரிமலை பார்க்கப் போய்விட்டார். வினிகர் ஊற்றினால் பொங்கும். ஆறாம் வகுப்பு.

ஜூலை 22, சனி

அரை நாள் பள்ளி. அட்டைகளை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். எண்ணினேன். நான்காம் அறை காலி. 502 இல்லை.

ஸ்டாண்டுக்கு அடியில் பார்த்தேன். குப்பைத் தொட்டியில் பார்த்தேன். முப்பிடாதியிடம் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன். எனக்கு என்னல தெரியும், நான் ஓடுத ஆளுதான என்றான்.

பயம் எல்லாம் இல்லை. அட்டையில் என் பெயரா எழுதியிருக்கிறது?

ஜூலை 24, திங்கள்

பரமகுரு வரவில்லை. நிரல் எழுதியவன் அவன் என்று சார்ட்டில் இருப்பதால், 'நிறுத்து' போட மறந்துவிட்டான் என்று ஆகிவிட்டது. மிஸ்கூட அப்படித்தான் நினைக்கிறார். பதற்றத்தில் விட்டிருப்பான் பாவம் என்றார். அந்த அம்மா சொல்லும்போது அந்தச் சொல் நிஜமாகவே வருகிறது.

குரூப் மாற்றும் தாள் எச்.எம். மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். அன்று பள்ளி மூடுவதற்குள் கையெழுத்தாகும்.

அடுத்த செய்தி. நிற்க மட்டும் வைத்தால் யோசனை நல்லதுதான் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனாராம், அதனால் மாவட்டக் கண்காட்சிக்கு இதே செயலியைக் கொண்டுபோக வேண்டுமாம். தலைவன் நான். தானாக நிற்கும்படி திருத்தி எழுது, எண் இருபதுக்கு வந்ததும் நிற்க வேண்டும் என்றார் மிஸ். உனக்குத்தான் நல்லாப் புரிஞ்சிருக்கே.

ஓ, தாராளமாக.

ஜூலை 25, செவ்வாய்

இருபதில் எப்படி நிற்கும்? 5 என்றால் போ. 0 என்றால் நிறுத்து. போகவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். பதினேழு அட்டை கிழித்தேன். சாப்பாட்டுக்கு அம்மா மூன்று முறை கூப்பிட்டாள்.

ஜூலை 26, புதன்

பரமகுரு வீட்டுக்குப் போனேன். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க. சரி, இருபதைக் கேட்க.

வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் நான்கு விசைத்தறி. அவன் அப்பா, சித்தப்பா, அக்கா, அவன். என்ன சத்தம். நான் 'பரமகுரு' என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. அங்கே யாரும் பேசுவதில்லை. நூல் அறுந்தால் அக்கா விரலால் காற்றை வெட்டிக் காட்டுகிறாள். டீ என்றால் கட்டைவிரல். அப்பாவும் அவனும் கையாலேயே ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டார்கள், நடுவில் அப்பா சிரித்தார். அங்கே அவன் எதிலும் திக்கவில்லை. பஃபரிங் அங்கே நான்தான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

கடைசியில் உள்ளங்கையில் 20 என்று எழுதிக் காட்டினேன். பரமகுரு சாக்பீஸ் எடுத்துச் சிமெண்டுத் தரையில் போட்டுக் காட்டினான். புதிதாக ஆறாம் எண் உத்தரவு வேண்டுமாம்: பெட்டியில் சுழியம் இருந்தால் மட்டும் அந்த அறைக்குப் போ, இல்லாவிட்டால் அடுத்ததைப் பார். கழிக்க ஏழாம் எண். வந்த விடையை ஒரு அறையில் பத்திரமாக வைத்துவிட்டு, அதில் இருபதைக் கழித்துப் பார். சுழியமா? நிறுத்து அட்டை இருக்கிற அறைக்குப் போ. இல்லையா? பத்திரப்படுத்திய விடையைக் கொண்டு வந்து திரும்பவும் கூட்டு. செயலிக்கு யோசிக்கத் தெரிகிற இடம் என்று ஒன்று இருந்தால் இந்த ஒரு இடம்தானாம். சுழியமா, இல்லையா. அதை வைத்துத்தான் விளையாட்டு, படம், பாட்டு எல்லாம்.

பிறகு கரண்ட் போயிற்று. நான்கு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. அவன் சட்டைப் பையிலிருந்து 502 அட்டையை எடுத்துத் தரையில் வைத்தான். ஐந்துக்கு நீண்ட வால்.

அவன் திட்டுவான் என்று தயாராக நின்றேன். ஒரு பதிலும் வைத்திருந்தேன், நல்ல பதில்.

"நீ நிப்பாட்டிருவன்னு நெனச்சேன்," என்றான். "ஒவ்வொரு சுத்தும் ஒன் கையத்தான் ப... ப... பாத்துக்கிட்டே இருந்தேன்."

'பா'வைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ, நான் எண்ணவில்லை. அவன் அக்கா தறிக்குப் பின்னாலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். நல்ல பதிலை மறந்துவிட்டேன்.

ஜூலை 27, வியாழன்

தண்ணீர் வந்தது. பத்துக் குடம். அம்மா கேட்காமலே.

ஜூலை 28, வெள்ளி

மிஸ்ஸிடம் அட்டையைக் கொடுத்துச் சொல்லிவிட்டேன். எல்லாம். ஒன்பதுகள், ஒன்றுகள், 502, வேகமாகத் தட்டியது, ஸ்டீபனை மாற்றியது எல்லாம். மிஸ் என்னைத் திட்டவில்லை. 'பாவம்னு சொன்னியே' என்றார், அவ்வளவுதான். பிறகு என் கையைப் பிடித்து எச்.எம். அறைக்கு இழுத்துப் போனார்.

எச்.எம். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னது இது. நிரல் சரி, இந்தப் பயல் கெடுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய்மொழித் தேர்வில் சுழியம் சுழியம்தான். அரசுத் தேர்வில் வெளியாள் வந்து கேட்கும்போது வாயைத் திறக்காதவனுக்கு யார் மார்க் போடுவார்?

மிஸ் விடவில்லை. அவனால் விளக்க முடியும் சார், நேரம் கொடுத்தால் யாருக்கும் புரிய வைப்பான் என்றார்.

"சரி டீச்சர். அவன் சொல்லிக் குடுத்து ஒரே ஒரு பய கத்துக்கிட்டான்னு காட்டுங்க. இந்தத் தாள இப்பமே கிழிச்சுப் போடுதேன்."

அவனிடம் போய்க் கேட்கிற ஆள் வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

எச்.எம். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எப்படி வேலை செய்யுது, சொல்லு பார்ப்போம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். ஐந்து வந்தால் சிலேட்டு மாறும், சிலேட்டு மாறினால் அடுத்த உத்தரவு மாறும், அதனால் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி அழகாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஏல, இத எங்கல கத்துக்கிட்ட?"

மிஸ் என்னைப் பார்த்தார்.

"நானா யோசிச்சது சார்."

எச்.எம். சிரித்தார். "வாலுப் பயதான். ஆனா மண்டை இருக்கு, பாருங்க டீச்சர்." தண்டனை: ஒரு வாரம் லேப் வாசலைப் பெருக்க வேண்டும். தலைவன் பதவி எனக்கே.

ஜூலை 31, திங்கள்

தாளில் கையெழுத்தாகிவிட்டது. மூன்றாம் பீரியடில் பரமகுரு வந்து பையை எடுத்துக்கொண்டு பி பிளாக்குக்குப் போனான். வரலாறு குரூப். புது வகுப்பில் முதல் வேலையாக எழுந்து நின்று பெயரைச் சொல்லச் சொல்வார்கள். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை, எங்கள் பிளாக்குக்குக் கேட்காது.

பின் பெஞ்சு காலி. பையை வைக்கவில்லை.

டைரியே, பதினைந்தாம் தேதி உன்னிடம் எழுதியது பொய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாம் எண் உத்தரவை அட்டவணையில் பார்த்தேன், 'போ' என்றால் யார் போவது, முப்பிடாதியா என்றுகூட எனக்கு விளங்கவில்லை. பதினான்காம் தேதி சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் அவனிடம் போய்க் கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இத்தனை நாளில் செயலியைப் பற்றி அவனிடம் கேட்ட ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது, முகம் அப்படி இருந்தது. மண்ணில் கட்டம் போட்டு, கூழாங்கல்லை நகர்த்தி, திக்கித் திக்கிச் சொன்னான். புரியவில்லை. மறுபடி சொன்னான். அப்போதும் புரியவில்லை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் புரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கல்லைப் பழைய கட்டத்திலேயே வைத்து, மூன்றாவது தடவை ஆரம்பத்திலிருந்து சொன்னான்.